வார்த்தை லிஸ்ட்ட மூடி வச்சுட்டு மருந்து டப்பா பேப்பர படிங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

வெளிநாட்டு நர்ஸ் வேலை பத்தி உங்க பேப்பர்ல அடிக்கடி செய்தி போடுறீங்க, எந்த நாடு, சம்பளம் எவ்வளவு, எந்த தேதிக்குள்ள அப்ளை பண்ணணும்னு எல்லாம் வருது, நல்ல விஷயம், ஆனா கடைசில "ஆங்கிலத் தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்"னு ஒத்த வரி போட்டு முடிச்சிடுறீங்க. அந்த ஒத்த வரில தான் சார் எங்க பிள்ளைங்க வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டு நிக்குது. நான் ஒரு நர்சிங் காலேஜ்ல டியூட்டர், அதுக்கு முன்னாடி பல வருஷம் வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருந்தேன், இப்போ சாயந்தரத்துல இந்த பரீட்சைக்கு படிக்கிற கொஞ்ச பேர் எங்க வீட்டு மாடிக்கு வர்றாங்க, ஃபீஸ் எல்லாம் இல்ல, டீ குடிச்சுட்டு படிப்போம் அவ்வளவு தான். அதுல பார்த்தத வச்சு தான் இதை எழுதுறேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க.

விஷயம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். ஓஇடி-னு ஒரு பரீட்சை, ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட். டாக்டர், நர்ஸ், பார்மசிஸ்ட், பிசியோ, பல் டாக்டர்னு மொத்தம் 12 தொழில்காரங்களுக்கு, கால்நடை டாக்டர் கூட உண்டு. ஆஸ்திரேலியாவுல 1980-கள்ல உருவானது, மெல்போர்ன் யுனிவர்சிட்டி டிம் மெக்நமாரா தான் அதுக்கு முக்கியமா வேலை பார்த்தவர். இங்கிலாந்துல நர்ஸ பதிவு பண்ற கவுன்சில், என்எம்சி, 2017 நவம்பர்ல இருந்து தான் இதை ஏத்துக்குது, அதுக்கு முன்னாடி ஐஇஎல்டிஎஸ்னு எல்லாருக்கும் பொதுவான இங்கிலீஷ் பரீட்சை தான் எழுதணும், அதுல ஆஸ்திரேலியாவுலயே பொறந்து வளர்ந்து வீட்ல இங்கிலீஷ்ல மட்டுமே பேசுற நர்ஸுங்களே மார்க் பத்தாம நின்ன கதையெல்லாம் அப்போ இங்கிலாந்து பேப்பர்ல வந்துச்சு. அதனால நம்ம பிள்ளைங்க தோத்தா உடனே "அவளுக்கு இங்கிலீஷ் வராது"னு முத்திரை குத்தாதீங்க, பரீட்சை கேக்குறது வேற ஒண்ணு.

இப்போ என்எம்சி கேக்குறது லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 500-க்கு 350, ரைட்டிங்ல மட்டும் 300. ரைட்டிங்ல இறக்கினதால நிறைய பேர் தப்பிச்சாங்க. ஸ்பீக்கிங்ல நம்மாளுங்க எப்படியாவது சமாளிச்சிடுவாங்க, பேஷண்டுக்கு ஆறுதல் சொல்ல தெரியாத நர்ஸ் யாரு இருக்கா. நிக்கிறது ரீடிங்ல. 2023-ல ரெண்டு தடவை எழுதின மார்க்க சேர்த்துக்கிற காலத்தை 6 மாசத்துல இருந்து 12 மாசமா ஆக்கினாங்க, சில நிபந்தனையோட, அது பெரிய உதவி தான், ஆனா என்கிட்ட வர்ற பிள்ளைங்கள்ல பாதி பேருக்கு ரெண்டு தடவையும் அதே ரீடிங் தான் போகுது, எதோட எதை சேர்க்கறது.

ரீடிங் எப்படி இருக்கும்னா மொத்தம் 60 நிமிஷம், 42 கேள்வி. முதல் 15 நிமிஷம் ஏ பார்ட், ஒரே தலைப்புல நாலு சின்ன துண்டு குடுப்பாங்க, ஒண்ணு டோஸ் டேபிளா இருக்கும், ஒண்ணு வழிமுறையா இருக்கும், 20 கேள்வி, 15 நிமிஷம் முடிஞ்சதும் பேப்பர வாங்கிடுவாங்க, கம்ப்யூட்டர்ல எழுதினா அது தானா மூடிக்கும், திரும்பி போக முடியாது. மிச்சம் 45 நிமிஷத்துல ஆஸ்பத்திரி சர்க்குலர், மெமோ, மெஷின் மேனுவல் மாதிரி ஆறு துண்டு, அது பி பார்ட், அதுக்கு அப்புறம் 800 வார்த்தை கிட்ட வர்ற ரெண்டு பெரிய கட்டுரை, ஒவ்வொண்ணுக்கும் எட்டு கேள்வி, அது சி பார்ட். டாக்டருக்கும் நர்ஸுக்கும் இதே பேப்பர் தான், ரைட்டிங்கும் ஸ்பீக்கிங்கும் மட்டும் தான் தொழிலுக்கு தகுந்தாப்ல மாறும். எம்பிபிஎஸ் முடிச்சவனும் ஜிஎன்எம்னு நர்சிங் டிப்ளமா முடிச்ச பொண்ணும் ஒரே கட்டுரைய படிச்சு ஒரே கேள்விக்கு பதில் போடணும்.

இதுக்கு நம்ம ஊர்ல கோச்சிங்னு என்ன நடக்குதுன்னா, சேர்ந்த அன்னிக்கே ஒரு தடி நோட்டு குடுப்பாங்க, மெடிக்கல் வார்த்தை மூவாயிரம், ஏ-ல ஆரம்பிச்சு இசட் வரைக்கும், பக்கத்துல அர்த்தம், தினம் ஐம்பது மனப்பாடம், மறுநாள் டெஸ்ட். அடுத்து மாடல் பேப்பர், அடுத்து இன்னொரு மாடல் பேப்பர், விடை சரியா தப்பான்னு டிக் போட்டு தருவாங்க, ஏன் தப்புனு ஒருத்தரும் உக்காந்து சொல்ல மாட்டாங்க. என்கிட்ட ஒரு பொண்ணு அந்த நோட்டோட தான் வந்துச்சு, நைட் டூட்டி முடிச்சு பஸ்ல நின்னுக்கிட்டே படிச்சிருக்கு, ஓரமெல்லாம் மடங்கி கிழிஞ்சு போய் கிடக்கு. கோலிசிஸ்டெக்டமினா கேட்ட உடனே சொல்லுது, ஹைப்போநேட்ரீமியா சொல்லுது, டிஸ்ஃபேஜியாவுக்கும் டிஸ்ஃபேசியாவுக்கும் வித்தியாசம் கூட சொல்லுது. சொல்லாம என்ன, நாலு வருஷம் படிச்சதே அதை தானே. நர்ஸுக்கு நர்சிங் வார்த்தைய காசு வாங்கிட்டு சொல்லித்தர்றது ஆத்தங்கரைல குடியிருக்கறவனுக்கு தண்ணி விக்கிற மாதிரி.

மாட்டுறது எங்கனு காட்டுறேன், ஒரு உதாரணம் போதும். செஃப்ட்ரியாக்சோன்னு ஒரு ஆன்டிபயாடிக் ஊசி எல்லா வார்டுலயும் இருக்கு, அந்த டப்பாக்குள்ள மெல்லிசா எட்டா மடிச்சு ஒரு பேப்பர் இருக்கும், உடைச்ச உடனே அது நேரா குப்பைக்கு போகும். அதை எடுத்து வச்சு விரிச்சு பாருங்க, கால்சியம் உள்ள ட்ரிப்ஸ் பத்தி ஒரு பத்தி இருக்கும், நம்ம ஆர்எல், அதான் ரிங்கர் லாக்டேட் ட்ரிப்ஸ் பாட்டில், அதுல வரும். அங்க சொல்றது என்னன்னா, பொறந்து 28 நாள் வரைக்கும் உள்ள குழந்தைக்கு கால்சியம் உள்ள ட்ரிப்ஸ் தேவைப்பட்டா இந்த ஊசியே கூடாது, மத்தவங்களுக்கு ரெண்டும் ஒரே நேரத்துல ஒய்-சைட், அதாவது ஒரே குழாயோட கிளை, வழியா போகக்கூடாது, ஆனா ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு குடுக்கலாம், நடுவுல லைன நல்லா ஃப்ளஷ் பண்ணி கழுவியிருந்தா. இந்த மாதிரி விஷயத்த இங்கிலீஷ்ல எழுதும்போது வர்ற வார்த்தைங்க "அதர் தேன் நியோனேட்ஸ்" (பொறந்த குழந்தைங்க தவிர), "சீக்வென்ஷியலி" (ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு), "ப்ரொவைடட்". நியோனேட் எல்லாருக்கும் தெரியும். அந்த "அதர் தேன்" மேல கண்ணு நிக்காது. "ப்ரொவைடட்"னா "கொடுத்தாங்க"னு படிச்சிட்டு போயிடும், "இப்படி இருந்தா மட்டும்"னு ஒரு நிபந்தனை அங்க உக்காந்திருக்குனு தெரியாது. ஒரு பெரியவருக்கு ஆர்எல் முடிஞ்சதும் இந்த ஊசி போடலாமா, போடலாம்னா என்ன செஞ்சுட்டு போடணும்னு கேட்டேன், அந்தப் பத்திய படிச்சுட்டு மாடில இருந்த எல்லாரும் "கூடவே கூடாது மேடம்"னு கோரஸா சொல்றாங்க. கான்ட்ரா-இண்டிகேட்டட், அதாவது குடுக்கக்கூடாதுனு ஒரு பெரிய வார்த்தை கண்ணுல பட்டுச்சு, அதோட மூளை முடிவு எடுத்துருச்சு. பரீட்சைல தப்பு விடைய வைக்கிறவன் சரியா அந்த எடத்துல தான் வைக்கிறான் சார்.

இதே கதை தான் மத்த பரீட்சைலயும். துபாய், சவுதினு போறவங்க எழுதுற பிரோமெட்ரிக் பரீட்சையோ, அமெரிக்கா போறவங்க எழுதுற என்கிளெக்ஸோ இங்கிலீஷ் பரீட்சையே கிடையாது, நர்சிங் பரீட்சை, ஆனா கேள்வி இங்கிலீஷ்ல தானே இருக்கு. என்கிளெக்ஸ்ல ஒரு வகை கேள்வி ரொம்ப பிரசித்தம். வார்ஃபரின்னு ரத்தம் உறையாம வைக்கிற மாத்திரை சாப்பிடுற பேஷண்டுக்கு நர்ஸ் சொல்லிக்குடுத்தாச்சு, அவரு நாலு விஷயம் திருப்பி சொல்றாரு, இதுல எதைக் கேட்டா இன்னும் சொல்லிக்குடுக்கணும்னு தெரியும், "நீட் ஃபார் ஃபர்தர் டீச்சிங்"னு போட்டிருப்பான். அப்போ நாம எடுக்க வேண்டியது அவரு தப்பா சொன்னத, "தலை வலிச்சா ஆஸ்பிரின் போட்டுக்குவேன்"னு சொன்னாரே அது தான் விடை. நல்லா படிச்ச பிள்ளைங்க மூணு சரியான வாக்கியத்துல எது ரொம்ப சரினு தேடிக்கிட்டு இருக்கும், பாடம் தெரிஞ்சு, கேள்வி தெரியாம. 2023 ஏப்ரல்ல இருந்து அந்த பரீட்சைல கேஸ் ஸ்டடி வேற வந்துருச்சு, நர்ஸ் நோட்ஸ், லேப் ரிப்போர்ட், டாக்டர் ஆர்டர்னு பக்கம் பக்கமா படிச்சு பார்த்து முடிவு சொல்லணும், வாசிப்பு இல்லாதவனுக்கு இனிமே அங்க இன்னும் கஷ்டம் தான்.

அப்போ வார்த்தையே படிக்க வேண்டாமானு கேப்பீங்க. படிக்கணும், எந்த வார்த்தைங்கிறது தான் கேள்வி. நியூசிலாந்துல அவெரில் காக்ஸ்ஹெட்னு ஒரு அம்மா 2000-ல ஒரு பட்டியல் வெளியிட்டாங்க, படிப்பு சம்பந்தமான எழுத்துல எந்தத் துறையா இருந்தாலும் திரும்பத் திரும்ப வர்ற சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேர்ல இருந்து வர்ற வார்த்தைக் கூட்டம், 570 தான். அதுல வியாதி பேரு கிடையாது. சிக்னிஃபிகன்ட், கான்சீக்வென்ட், இனிஷியல், கான்ட்ராஸ்ட் இந்த மாதிரி. நர்ஸுக்கு வேணுங்கிறது இந்த நடு வார்த்தைங்க, அப்புறம் வார்டு வேலைக்கு வர்ற வினைச்சொல்லுங்க, வித்ஹோல்ட், டேப்பர், எஸ்கலேட், ரூல் அவுட், டைட்ரேட். பல்ஸ் 60-க்கு கீழ போனா டிகாக்சின்ங்கிற இதய மருந்த வித்ஹோல்ட் பண்ணுங்கன்னா நிறுத்தி வச்சு டாக்டர கேளுனு அர்த்தம், அதே டிஸ்கன்டின்யூன்னா மருந்தே கட். ரிப்போர்ட்ல "அன்ரிமார்க்கபிள்"னு இருந்தா எல்லாம் நார்மல், குறிப்பிட ஒண்ணுமில்லனு அர்த்தம், ஒரு பையன் அதை "ரொம்ப மோசம்"னு எடுத்துக்கிட்டான். கம்ப்ளையன்ட்னா சொன்னபடி மருந்து சாப்பிடுற பேஷண்ட், கம்ப்ளெயின்ட்னா வேற, வேகமா படிக்கும்போது ரெண்டும் ஒண்ணா தெரியும். இன்சிடென்ஸ் (புதுசா வந்த வியாதிக்காரங்க கணக்கு), ப்ரிவலென்ஸ் (மொத்தமா இருக்கறவங்க கணக்கு) ரெண்டையும் கம்யூனிட்டி ஹெல்த் பாடத்துல படிச்சது தான், கட்டுரைக்குள்ள வந்தா மறந்து போகும்.

இன்னொரு நியூசிலாந்துக்காரர், பால் நேஷன்னு, சொல்லறிவு பத்தி வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி பண்ணவர், அவரு 2006-ல எழுதினதுல சொல்றாரு, ஒருத்தர் உதவி இல்லாம ஒரு எழுத்த படிச்சு புரிஞ்சுக்கணும்னா அதுல 98 சதவீதம் வார்த்தை முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், அதுக்கு 8000-ல இருந்து 9000 சொற்குடும்பம் வேணும்னு. இந்தக் கணக்க கேட்டதும் கோச்சிங்காரங்க அடுத்து எட்டாயிரம் வார்த்தை நோட்டு போட்டுருவாங்க, அது தான் என் பயம். எட்டாயிரம் வார்த்தைய யாரும் லிஸ்ட்ல இருந்து கத்துக்கிட்டது கிடையாது சார், படிச்சு படிச்சு வந்தது தான், ஒரே வார்த்தைய பத்து எடத்துல பத்து விதமா பார்த்து, பார்த்து.

எதை படிக்கறதுன்னா, காசு குடுத்து வாங்க ஒண்ணும் வேண்டாம். முதல்ல வார்டுலயே கிடைக்கிறது. மருந்து டப்பா பேப்பர சொன்னேன். இன்ஃப்யூஷன் பம்ப் மேனுவல் இன்சார்ஜ் சிஸ்டர் அலமாரில ப்ளாஸ்டிக் கவரே பிரிக்காம இருக்கும், அதை எடுங்க, அலாரம் அடிச்சா என்ன செய்யணும்னு ஒரு பக்கம் இருக்கும், பி பார்ட்ல வர்றது அப்படியே அந்த நடை தான். இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் சர்க்குலர் சுவர்ல ஒட்டியிருக்கும், ஒட்டின நாள்ல இருந்து ஒருத்தரும் படிச்சிருக்க மாட்டாங்க, இது எதுக்காக போட்ட சர்க்குலர், பழைய விதிய மாத்துதா இல்ல ஞாபகப்படுத்துதான்னு ஒரு கேள்வி நீங்களே கேட்டுப் பாருங்க. பி பார்ட் கேள்வி பெரும்பாலும் இவ்வளவு தான், இந்த மெமோ ஸ்டாஃப்கிட்ட என்ன சொல்ல வருதுனு. மூணு விடையும் அந்த மெமோல வர்ற வார்த்தையோட தான் இருக்கும், ஒண்ணு தான் அந்த மெமோ சொல்றது.

அப்புறம் ஃபோன்ல. இங்கிலாந்தோட நைஸ் அமைப்பு போடுற சிகிச்சை வழிமுறைங்க இலவசமா கிடைக்குது. ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017-ல கொண்டு வந்த நியூஸ்-2 சார்ட் இருக்கு, மூச்சு, ஆக்சிஜன், பிபி, பல்ஸ், நினைவு, காய்ச்சல்னு பார்த்து மார்க் போடுறது, மொத்தம் 5 வந்தா அவசரமா டாக்டர கூப்பிடணும், 7 வந்தா எமர்ஜென்சி. இங்கிலாந்து போறவ முதல் நாள் டூட்டில கையில எடுக்கப் போறதே அந்த சார்ட் தான், அது பத்தின விளக்கத்த இப்பவே படிச்சா பரீட்சைக்கும் ஆச்சு வேலைக்கும் ஆச்சு. சி பார்ட் மாதிரி கட்டுரைக்கு தி கான்வர்சேஷன் தளத்துல ஹெல்த் பகுதி நல்லா இருக்கு, டாக்டரும் பேராசிரியரும் பொதுமக்களுக்கு எழுதுறது, நீளமும் கிட்டத்தட்ட அதே நீளம். எனக்கு ரொம்ப பிடிச்சது காக்ரேன் சுருக்கங்கள், ஒரு சிகிச்சை பலன் தருதா இல்லையானு ஆராய்ச்சி எல்லாத்தையும் கூட்டி பார்த்து சாதாரண ஆளுக்கு புரியுற மாதிரி எழுதுவாங்க, அதுல சிலதுக்கு தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு. இங்கிலீஷ்ல முதல்ல படி, உனக்கு புரிஞ்சத ரெண்டு வரில எழுது, அப்புறம் தமிழ தொறந்து சரி பாருன்னு சொல்லுவேன். டிக்‌ஷனரிய விட இது நல்லா வேலை செய்யுது, ஏன்னா வார்த்தை அர்த்தம் சரியா இருந்தும் மொத்த கருத்து தலைகீழா போறத அதுல தான் கண்ணால பார்க்க முடியும்.

ஏ பார்ட்டுக்கு மட்டும் வேற மாதிரி பழகணும். அங்க உக்காந்து நிதானமா படிச்சா போச்சு, 15 நிமிஷத்துல 20 கேள்வினா ஒரு கேள்விக்கு முக்கா நிமிஷம். நாலு துண்டுல எதுல என்ன இருக்குன்னு தலைப்ப மட்டும் பார்த்துட்டு கேள்விக்கு போகணும், கேஸ் ஷீட்ல பொட்டாசியம் வேல்யூ எங்கனு நாம முழு ஷீட்டையும் படிச்சா தேடுறோம், நேரா லேப் பக்கத்துக்கு போறோம்ல, அந்தக் கண்ணு நமக்கு ஏற்கெனவே இருக்கு. விடைய துண்டுல இருக்கறபடியே எழுதணும், நம்ம சொந்த வார்த்தை வேண்டாம், ஸ்பெல்லிங் தப்பினா மார்க் போச்சு. இது லிசனிங்ல கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது, ரீடிங்ல வார்த்தை கண்ணு முன்னாடி இருக்கறதால விட மாட்டான். அதுலயும் வீக்கத்துக்கு வர்ற எடிமாங்கிற வார்த்தைய நம்மாளுங்க பழக்கத்துல இ போட்டு எழுதுவாங்க, துண்டுல ஓ-ல ஆரம்பிச்சு பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்ல இருக்கும், ரெண்டு நாட்டு ஸ்பெல்லிங்கும் ஏத்துக்குவாங்க தான், ஆனா அவசரத்துல பாதி அது பாதி இதுனு கலந்து ஒரு புது ஸ்பெல்லிங் உண்டாக்கிடுறாங்க. பார்த்து எழுதுனா போதும். இன்னொண்ணு, தப்புக்கு மார்க் குறைக்கிறது கிடையாது, எதையும் காலியா விட்டுட்டு வராதீங்க, இதை கூட சொல்லாத கோச்சிங் இருக்கு.

சி பார்ட் தான் உண்மையான மல்லுக்கட்டு. அங்க தகவல் கேக்க மாட்டான், எழுதினவருக்கு அந்த ஆராய்ச்சி மேல நம்பிக்கை இருக்கா, சந்தேகமா, இந்த உதாரணத்த ஏன் கொண்டு வந்தாரு, மூணாவது பத்தில "திஸ்"னு சொல்றாரே அது எதை குறிக்குதுனு கேப்பான். மே, மைட், அப்பியர்ஸ் டு, டெண்ட்ஸ் டுனு எழுதறவன் தன்ன காப்பாத்திக்க போட்டு வைக்கிற சின்னச் சின்ன வார்த்தைங்கள நம்மாளுங்க தூசி மாதிரி தட்டி விட்டுட்டு படிக்கிறாங்க. "இந்த மருந்து உதவக்கூடும்"னு அவன் எழுதினத "உதவும்"னு படிக்கிறாங்க, விடைல "நிரூபிக்கப்பட்டது"னு ஒண்ணு இருக்கும், அதுல போய் விழுவாங்க. நான் என்ன சொல்லுவேன்னா, ஊர்ல யாராவது "அவங்க வீட்ல சண்டையாம்"னு சொன்னா நாம அதை நம்பிடுறோமா, அந்த "ஆம்" வச்சே இவரு பார்க்கல, கேட்டது தான்னு புரிஞ்சிக்கிறோம்ல, அதே காத இங்கிலீஷ்லயும் வைனு சொல்லுவேன். இங்க தான் சார் உங்க பேப்பருக்கும் வேலை இருக்கு. என் அனுபவத்துல தமிழ்ல தலையங்கம் படிக்கிற பழக்கம் உள்ள பிள்ளைங்க சி பார்ட்ட சீக்கிரம் பிடிச்சிடுது, இங்கிலீஷ் கொஞ்சம் தட்டுத்தடுமாறினாலும். எழுதறவர் பாராட்டுற மாதிரி ஆரம்பிச்சு எங்க குத்துறார்னு கண்டுபிடிக்கிற புத்தி தமிழ்ல வந்துட்டா அது எந்த மொழிக்கும் கூட வரும். ரீல்ஸ் மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு ரெண்டு மொழியிலயும் வராது, சொன்னா கோவிச்சுக்குவாங்க, ஆனா அப்படித்தான்.

காலேஜ சொல்லணும். என்னையும் சேர்த்து தான் சொல்றேன், நானும் அங்க தான் வேலை பார்க்கிறேன். பிஎஸ்சி நர்சிங்ல 2021-ல வந்த புது சிலபஸ்ல முதல் செமஸ்டர்ல கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ்னு ஒரு பாடம் இருக்கு. முதல் செமஸ்டர் தான், அனாட்டமியும் பிசியாலஜியும் கழுத்த நெரிக்கிற நேரம், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல படிச்ச பிள்ளை எலும்பு பேர மனப்பாடம் பண்ணவே ராத்திரி பத்தல, அப்போ இங்கிலீஷ யாரு கண்டா. அதுக்கப்புறம் இருக்கற செமஸ்டர் எதுலயும் ஒரு புது எழுத்த குடுத்து படிச்சு புரிஞ்சத சொல்லுனு ஒரு கேள்வி கூட கிடையாது. டெஃபினிஷன், காஸஸ், சைன்ஸ் அண்ட் சிம்ப்டம்ஸ், மேனேஜ்மென்ட், இதே வரிசைல கைடு புத்தகத்த பார்த்து பாடம் பண்ணி பக்கத்த ரொப்பினா பாஸ். டெக்ஸ்ட் புக் தொறக்காமலே டிகிரி வாங்கலாம். அப்படி வெளிய வந்த பிள்ளை கைல போய் 800 வார்த்தை கட்டுரைய குடுத்து பதினஞ்சு நிமிஷத்துல முடினா அது என்ன செய்யும். ரெண்டாம் வருஷத்துல இருந்து வாரத்துக்கு ஒரு பீரியடு போதும், அன்னிக்கு வார்டுல போட்ட மருந்தோட பேப்பரயோ ஒரு கைட்லைன் பக்கத்தயோ குடுத்து, மூணு கேள்வி கேட்டு, ஏன் அந்த விடைனு பேச விட்டா போதும். இதுக்கு பட்ஜெட்டும் வேண்டாம், கவுன்சில் பர்மிஷனும் வேண்டாம், ஜெராக்ஸ் காசு தான். இதை எங்க ஸ்டாஃப் மீட்டிங்ல சொன்னப்போ "சிலபஸ் முடிக்கவே நேரமில்ல"னு பதில் வந்துச்சு, அதுவும் பொய் இல்ல.

கேரளாவ பார்த்து பொறாமைப்படுறதுல அர்த்தம் இருக்கு. அங்க நோர்க்கா ரூட்ஸ்னு அரசு அமைப்பே மொழிப் பயிற்சி நிலையம் நடத்துது, ஓஇடி, ஐஇஎல்டிஎஸ், ஜெர்மன் எல்லாம் சொல்லித்தராங்க, வசதியில்லாதவங்களுக்கு சலுகையோட. நம்ம அரசுக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு 1978-ல இருந்து ஒண்ணு இருக்கு, நர்ஸ் வேலைக்கு ஆள் எடுத்து அனுப்புறாங்க, நல்ல அமைப்பு, ஏஜென்ட்கிட்ட போய் ஏமாறுறதுக்கு அங்க போறது ஆயிரம் மடங்கு மேல். ஆனா தென் மாவட்டத்துல பாதி நர்ஸுங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல, சேதி போய் சேரல.

பரீட்சை ஃபீஸே 30 ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆகுது சார். தனியார் ஆஸ்பத்திரில ரெண்டு மாசம் டூட்டி பார்த்தா தான் சில பிள்ளைங்க கைல அவ்வளவு வரும். அதுக்கு மேல கோச்சிங் காசு. அதுக்கும் மேல இப்போ ஃபோன்ல வர்றான், "இந்த மாச கேள்வித்தாள் எங்கிட்ட இருக்கு, பாதி பணம் முன்னாடி"னு, நகைய அடகு வச்சு குடுத்தவங்கள பார்த்திருக்கேன், வந்தது நெட்ல சும்மா கிடைக்கிற பழைய மாடல் பேப்பர். நைஜீரியாவுல இபாடன்ல ஒரு பரீட்சை மையத்துல என்எம்சியோட கம்ப்யூட்டர் தேர்வுல தில்லுமுல்லு நடந்தது 2023-ல வெளிய வந்து, அங்க எழுதினவங்க பலரும் மறுபடி எழுத வேண்டி வந்துச்சு, வேலைல சேர்ந்துட்டவங்க வரைக்கும் விசாரணை போச்சு. குறுக்கு வழில போனா அங்க போய் சேர்ந்த பிறகும் நிம்மதி இல்லனு பிள்ளைங்க தெரிஞ்சுக்கணும்.

எல்லா நர்ஸையும் வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணிட்டா இங்க யாரு பார்க்கறதுன்னு ஒரு வாசகர் கண்டிப்பா எழுதுவார், எனக்கு தெரியும். சம்பளத்த ஒழுங்கா குடுங்க, கான்ட்ராக்ட்ட நிரந்தரம் ஆக்குங்க, யாரும் அம்மா அப்பாவ விட்டுட்டு குளிர்ல போய் நிக்க மாட்டாங்க. அது வரைக்கும் போறவங்கள போகாதேனு சொல்ல நமக்கு உரிமை இல்ல. அதோட செஃப்ட்ரியாக்சோன் பேப்பர படிச்சு புரிஞ்சுக்கிற நர்ஸ் இங்கயே இருந்தாலும் யாருக்கு லாபம்? பொறந்த குழந்தை வார்டுல இருக்கற நம்ம குழந்தைங்களுக்கு தானே.

இப்போ உங்ககிட்ட கேக்குறது. வாரத்துக்கு ஒரு நாள், வேலைவாய்ப்பு பக்கத்துல கால் பக்கம் ஒதுக்குங்க. ஒரு 120 வார்த்தைல இங்கிலீஷ் துண்டு ஒண்ணு, ஆஸ்பத்திரில நிஜமா வர்ற மாதிரி மெமோவோ மருந்து குறிப்போ, கீழ ஒரு கேள்வி, மூணு விடை. அதுக்கு அடுத்த வாரம் விடை, விடை மட்டும் இல்ல, மத்த ரெண்டும் எதனால தப்புனு தமிழ்ல நாலு வரி விளக்கம். விளக்கம் தான் முக்கியம், அது தமிழ்ல இருக்கறது அதை விட முக்கியம், ஏன்னா எங்க தப்பா யோசிச்சோம்னு ஒரு மனுஷனுக்கு அவன் சொந்த மொழியில சொன்னா தான் உறைக்கும். ராசிபலனுக்கு குடுக்கற எடத்துல பாதி போதும் சார், கோவிச்சுக்காதீங்க, எங்க வீட்லயே முதல்ல அந்தப் பக்கத்த தான் திருப்புவாங்க.

முதல் ரெண்டு மாசத்துக்கு வேண்டிய துண்டுங்கள நானே எழுதித் தரேன், எங்கயும் காப்பி அடிக்காம, காசு எதுவும் வேண்டாம். மருந்து விவரம் சரியா இருக்கானு பார்க்க எங்க காலேஜ்ல பார்மகாலஜி எடுக்கற ஒரு மேடம் சம்மதிச்சிருக்காங்க. ஒரே ஒரு கண்டிஷன், குறுக்கெழுத்துக்கு போடுற மாதிரி விடைய அதே பக்கத்து மூலைல தலைகீழா போட்டுராதீங்க, பிள்ளைங்க பேப்பர திருப்பி அதை தான் முதல்ல பார்க்கும்.

இப்படிக்கு,
ஒரு நர்சிங் டியூட்டர்,
பாளையங்கோட்டை.